கத்தரிக்காரன் கண்ட லெவன்ஸ்

தாமதமாக வரும் ரயிலுக்காகத் தென்னாட்டு ரயில் நிலையங்களில் காத்திருந்து பழகிய முந்திய தலைமுறையினருக்கு, நடைமேடையின் கோடியில் கம்பி வேலிக்குள் நின்ற சவுக்கு யானையும் சவுக்கு மயிலும் நினைவிருக்கும். அந்த யானைக்குத் துதிக்கை எப்படி வந்தது, அது மாதா மாதம் வளர்ந்து வேறொரு பிராணியாக மாறிவிடாமல் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று விசாரித்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். உயிருள்ள மரத்தைக் கத்தரியால் செதுக்கி, ஓர் உருவத்துக்குள் நிறுத்திவைக்கும் அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். மலைநகரம் ஒன்றின் அரசுப் பூங்காவில் என் உத்தியோகம் அமைந்தபடியால் சவுக்குக்குப் பதிலாகச் சைப்ரஸ் மரங்களே எனக்கு வாய்த்தன. ஓய்வு பெறும்வரை அவற்றோடேயே என் ஜீவனம் கழிந்தது.

இத்தொழிலைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் பெரும்பாலும் தவறானது. உருவத்தை முதன்முதல் உண்டாக்குவதுதான் கடினம் என்றும், பிறகு வருவதெல்லாம் நாவிதர் செய்வது போன்ற சில்லறை வேலை என்றும் அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், கம்பிக் கூடு கட்டி, இளங்கிளைகளை வளைத்துக் கயிற்றால் பிணைத்து, ஐந்தாறு வருஷத்தில் ஓர் உருவத்தைக் கொண்டுவந்துவிடுவது நிதானமுள்ள எவருக்கும் கைகூடும். அந்த உருவத்தை அடுத்த ஐம்பது வருஷம் கெடாமல் வைத்திருப்பதுதான் வித்தை. அடி அகன்றும் முடி குறுகியும் இருக்குமாறு வெட்டாவிட்டால், மேற்கிளைகளின் நிழல் விழுந்து கீழ்க்கிளைகள் வெளிச்சமின்றி இலையுதிர்த்து மொட்டையாகிவிடும். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நூல் அளவு பசுமையை விட்டுக்கொண்டே போனால், இருபது வருஷத்தில் மயில் வான்கோழியாகிவிடும். அந்த நூல் அளவை விடக்கூடாது என்று ஆழமாக வெட்டினாலோ, சைப்ரஸில் அதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. பச்சைப் பகுதியைத் தாண்டி, உள்ளே பழுப்பு நிறக் கட்டை தெரியும்வரை கத்தரி போய்விட்டால், அந்த இடம் பிறகு துளிர்ப்பதே இல்லை. பொத்தல் விழுந்தது விழுந்ததுதான்.

எனக்குத் தொழில் கற்பித்தவர் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு வந்து சேர்ந்த ஒரு மேஸ்திரி. தம்மைவிடப் பல வருஷம் இளையவனான என்னையும் மரியாதை குறையாமல் பேசுவது அவர் நாட்டு வழக்கம். "கத்தரி ஓடற வேகத்துக்குக் கண்ணு ஓடாதுங்க தம்பி, நாலு வெட்டு வெட்டினா ஏணியை விட்டு இறங்கி, தள்ளிப் போய் நின்னு பாருங்க" என்பார். நாளெல்லாம் ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோகும். ஆனால் அவர் வெட்டிய மரத்தைக் கிழக்கிலிருந்து பார்த்தாலும் மேற்கிலிருந்து பார்த்தாலும் உருவம் ஒன்றாகவே இருந்தது என்பதை நான் பிற்காலத்தில் எத்தனையோ தோட்டங்களைப் பார்த்த பிறகுதான் மதிக்கக் கற்றேன்.

எங்கள் பூங்கா அலுவலகத்து அலமாரியில், செல்லரித்த ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று கிடந்தது. இங்கிலாந்தின் வடமேற்கில் கெண்டல் என்னும் ஊருக்குத் தெற்கே உள்ள லெவன்ஸ் ஹால் தோட்டத்தின் படம் அதில் ஒரு பக்கம் முழுவதும் அச்சாகியிருந்தது. வீட்டைவிடச் சற்றே தாழ்ந்த உயரத்தில், கோணலும் மாணலுமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உருவங்களில் கரும்பச்சை மரங்கள் கூட்டமாக நின்றன. அந்தப் படத்தைப் பார்த்த நாள் முதலே அவ்விடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவல் எனக்குள் இருந்துவந்தது. என் மகள் லங்காஸ்டர் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செவிலியாக வேலை ஏற்றுச் சென்ற பிறகு அந்த ஆவல் நிறைவேறியது. லங்காஸ்டரிலிருந்து கெண்டலுக்குப் போகும் பேருந்து அந்தத் தோட்டத்தின் வாயிலிலேயே இறக்கிவிடுகிறது.

லெவன்ஸின் பூர்வீகம் இன்னது: மத்திய காலத்தில் ஸ்காட்லாந்து எல்லைக் கொள்ளைக்காரர்களுக்கு அஞ்சிக் கட்டிய தடித்த சுவருடைய கோபுரம் ஒன்றைச் சுற்றி, 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெல்லிங்ஹாம் வம்சத்தார் ஒரு மாளிகையை விரிவாக எழுப்பினார்கள். அந்த வம்சத்தில் கடைசியாக வந்தவர் சூதாட்டப் பிரியர். கடனில் மூழ்கிய அவரிடமிருந்து 1688-ஐ ஒட்டி இந்தச் சொத்தை வாங்கியவர் கர்னல் ஜேம்ஸ் கிரேம் என்பவர். சீட்டாட்டத்தில் ஆட்டின் ஆஸ் என்னும் இதயக்குறிச் சீட்டின் மேல் வீடு கைமாறியது என்று ஊரார் சொல்லும் கதையை எவ்வளவு நம்புவதோ தெரியாது. வீட்டின் மழைநீர்க் குழாய்களில் பொன் முலாம் பூசிய இதய வடிவங்கள் இருப்பதை மட்டும் நானே பார்த்தேன். கர்னல் கிரேம், இரண்டாம் ஜேம்ஸ் மன்னருடைய அந்தரங்கப் பணப்பெட்டியைக் காத்த அதிகாரி. 1688-இல் அந்த மன்னர் சிம்மாசனத்தை இழந்து பிரான்சுக்கு ஓடிப்போனபோது, கர்னலின் அரண்மனை உத்தியோகமும் போயிற்று. அதே அரசரிடம் தோட்டக்காரராக இருந்தவர் கியோம் போமான் என்னும் பிரெஞ்சுக்காரர். ஆகவே ராஜ்யம் மாறியதால் பதவியிழந்த எஜமானர் ஒருவரும் தோட்டக்காரர் ஒருவரும், அரசியல் சந்தடி எட்டாத வடக்கு மூலையில் சேர்ந்து, 1694-இல் இந்தத் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார்கள். போமானின் உருவப்படம் இன்றும் அந்த மாளிகைக்குள் தொங்குகிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தையும் லெவன்ஸ் தோட்டத்தையும் அமைத்தவர் என்று அதன்மேல் எழுதியிருக்கிறார்கள். தோட்டக்காரனின் படத்தைச் சுவரில் மாட்டிய எஜமானர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை என்பதை, இத்தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் இங்கே குறித்துவைக்கிறேன்.

தோட்டம் பத்து ஏக்கர் பரப்புள்ளது. அதில் உருவங்கள் நிற்கும் பகுதி வீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள். பெரும்பாலும் யூ என்னும் ஊசியிலை மரமும், ஓரளவு பாக்ஸ் என்னும் சிற்றிலை மரமும். நீதிபதியின் பொய்முடி என்று ஒன்றுக்குப் பெயர். பெருங்குடை என்று இன்னொன்றுக்கு. எலிசபெத் ராணியும் தோழிப்பெண்களும் என்று ஒரு கூட்டத்துக்கு. சதுரங்கக் காய்கள், சிங்கம், மயில்கள், மதுக்குடங்கள் என்று மற்றவற்றுக்கு. பெயரைக் கேட்டுவிட்டு உருவத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஏனெனில் ஆதியில் கூம்பும் உருண்டையும் படிக்கட்டும் போன்ற ஒழுங்கான வடிவங்களாக இருந்தவையே, முந்நூறு வருஷம் நூல் நூலாகப் பருத்து, காற்றுக்குச் சாய்ந்து, பக்கத்து மரத்தின் நிழலுக்கு ஒதுங்கி, இப்போதுள்ள விசித்திர ஆகிருதிகளை அடைந்திருக்கின்றன. எங்கள் தொழிலில் குற்றம் என்று எண்ணப்படும் அந்தப் பருமனையே இவர்கள் தோட்டத்தின் சௌந்தரியமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வந்த அன்றைக்கு இது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. சாய்ந்த மரத்தை நிமிர்த்த ஒரு கயிறு கட்டக்கூடாதா என்று கை துறுதுறுத்தது. இரண்டாம் முறை போனபோதுதான், அந்தச் சாய்வுக்கு இசைய மேற்பரப்பை எவ்வளவு கூர்மையாக வெட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். வடிவம் கோணல், விளிம்பு அணுவளவும் கோணவில்லை. அஜாக்கிரதையால் கோணியதற்கும், கோணியதை ஜாக்கிரதையாகக் காப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த விளிம்பில் தெரிகிறது.

பெரிய மரம் ஒன்றின் அடியில் குனிந்து உள்ளே பார்த்தேன். வெளியே மலைபோல் திரண்டு நிற்கும் பசுமை ஒரு முழத்துக்கும் குறைவான மேலோடு மட்டுமே. உள்ளே செந்நிறப் பட்டையுடைய பருத்த கிளைகள் ஓர் இலைகூட இல்லாமல் இருட்டில் முறுக்கிக்கொண்டு கிடந்தன. சைப்ரஸும் உள்ளே இப்படித்தான் இருக்கும். ஆனால் யூ மரத்துக்கு ஒரு மகத்தான குணம் உண்டு. அதை மொட்டைக் கட்டை தெரிய வெட்டினாலும், அந்தக் கட்டையிலிருந்தே மறுபடி தளிர் விடும். பருத்துப்போன வேலியை ஒரு வருஷம் ஒரு பக்கமும், சில வருஷம் கழித்து மறு பக்கமுமாக நடுத்தண்டுவரை வெட்டித் திரும்ப இளமையாக்கிவிடலாம். ஊசியிலை மரங்களில் இந்தச் சக்தி மிக அபூர்வம். முந்நூறு வருஷ உருவம் சாத்தியமானதற்குப் பாதிக் காரணம் மரத்தின் இந்தப் பெருந்தன்மை. மலையில் எங்களுக்குச் சைப்ரஸுக்குப் பதிலாக யூ வாய்த்திருந்தால் என் மேஸ்திரி எத்தனை சிங்கங்களை உண்டாக்கியிருப்பார் என்று எண்ணிப் பெருமூச்சு விட்டேன்.

இன்னொரு குணமும் சொல்ல வேண்டும். யூ இலை கால்நடைகளுக்கு நஞ்சு. தின்ற மாடு பிழைப்பது அரிது. ஆடு தீண்டாத செடியென்று ஆடாதோடையை வேலி வைக்கிறோம் நாம். ஆடு தீண்டினால் ஆட்டுக்கே ஆபத்தான செடியை வேலி வைக்கிறார்கள் அவர்கள். அதே இலையில்தான் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளுக்கு மூலமான வஸ்துவும் கிடைக்கிறது. அதற்காக வேலி வெட்டிய கழிவைச் சேகரிக்கும் வழக்கம் அந்நாட்டில் தோன்றியது. எங்கள் சைப்ரஸ் கழிவை நாங்கள் எரித்தோம் அல்லது குழியில் மூடினோம்.

நான் போன பருவம் செப்டம்பர். அங்கே கத்தரி வேலை கோடையின் முடிவில் தொடங்கிக் குளிர்காலம்வரை பல மாதம் நீள்கிறது. ஏணிக்குப் பதிலாக நீரழுத்தத்தால் உயரும் மேடை. கைக்கத்தரிக்குப் பதிலாக மின்கலத்தில் ஓடும் கத்தரி. மேடையிலிருந்து இறங்கி வந்த தோட்டக்காரர் ஒருவர், நான் வேடிக்கை பார்க்கும் விதத்திலிருந்தே என் தொழிலை ஊகித்துக்கொண்டு பேச்சுக்கொடுத்தார். "உங்களுக்கு அளவு எது? வரைபடம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். சென்ற ஆண்டு வெட்டின இடத்தில் இலை கறுத்திருக்கும், இந்த ஆண்டு வளர்ந்தது வெளுத்திருக்கும், வெளுப்பு முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டியதுதான் என்று அவர் பதில் சொன்னார். அப்படியானால் சென்ற ஆண்டு வெட்டியவருக்கு அளவு, அதற்கு முந்திய ஆண்டு வெட்டியவரின் கை. அவருக்கு அவருக்கும் முந்தியவர் கை. இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் போமானின் கத்தரிவரை போய்ச் சேரலாம் அல்லவா என்றேன். அவர் சிரித்துவிட்டு, அவ்வளவு தூரம் போக அதிகம் பேரைத் தாண்ட வேண்டியதில்லை என்றார்.

அது மிகையல்ல. 1694 முதல் மூன்று நூற்றாண்டுக் காலத்தில் லெவன்ஸில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர்கள் பத்தே பேர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறுப்பேற்ற அலெக்ஸாண்டர் ஃபோர்ப்ஸ் மட்டுமே ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கே வேலை பார்த்தார். மெலிந்து கிடந்த தோட்டத்தைச் சீர்திருத்தி, பட்ட மரங்களின் இடத்தில் புதியன நட்டவர் அவர்தாம். ஆகவே இன்று நிற்கும் உருவங்கள் எல்லாமே போமான் கையால் நட்டவை என்று எண்ணிவிடக்கூடாது. பொன்னிற இலையுள்ள யூ மரங்கள் அந்தப் பிந்திய நூற்றாண்டின் வரவு. தோட்டத்தின் அமைப்பும், அதைக் காக்கும் முறையும்தான் அறுபடாமல் வந்திருக்கின்றன.

பத்தே பேர் என்று கேட்டவுடன், நான் வேலை பார்த்த பூங்காவை நினையாமல் இருக்க முடியவில்லை. அங்கே மூன்று வருஷத்துக்கு ஓர் அதிகாரி மாறுவார். ஒருவர் வந்து, புல்வெளிக்கு நடுவிலுள்ள மரத்தை யானையாக்கச் சொல்வார். கால்களும் வயிறும் உருவாகி, துதிக்கைக்குக் கம்பி வளைக்கும் சமயத்தில் அவருக்கு மாற்றல் வரும். அடுத்தவருக்கு யானை பிடிக்காது. மலர்க்கண்காட்சிக்கு மந்திரி வருவதற்குள் அதை ஆகாய விமானமாக்க முடியுமா என்று கேட்பார். மரத்துக்கு மாற்றல் உத்தரவு புரியாது என்பதை அதிகாரிக்கு எடுத்துச்சொல்லும் தைரியம் எங்கள் மேஸ்திரிக்குத்தான் இருந்தது. அவரையும் ஒரு நாள் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் வளர்த்த மரங்கள் வேறு கைக்குப் போயின. சில வருஷத்தில் அவற்றின் அடிப்பகுதி மொட்டையாகி, வெட்டி அப்புறப்படுத்தப்பட்டன.

லெவன்ஸ் பிழைத்ததற்கு அதை வைத்திருந்த குடும்பத்தாரின் அபூர்வ ரசனையே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மரத்தை உருவமாக வெட்டும் வழக்கத்தை அலெக்ஸாண்டர் போப் என்னும் ஆங்கிலக் கவி 1713-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பரிகாசம் செய்தார். அதற்குப் பின் வந்த நூறு வருஷத்தில், வில்லியம் கென்ட், கேப்பபிலிட்டி பிரௌன் முதலிய தோட்ட நிர்மாணிகள் காட்டிய இயற்கைப் பாணி மோகத்தில், பிரபுக்கள் தங்கள் பாட்டனார் வைத்த உருவத் தோட்டங்களை வேரோடு பிடுங்கி எறிந்து, வளைந்த ஏரிகளையும் மேடு பள்ளப் புல்வெளிகளையும் உண்டாக்கினார்கள். இதில் ஒரு விநோதம் உண்டு. புல்வெளியும் மேய்ச்சல் நிலமும் இடையீடின்றி ஒன்றாகத் தோன்றுவதற்கு அவர்கள் கையாண்ட உபாயம், ஒரு பக்கம் சுவரெழுப்பிய பள்ளம். பார்வையை மறைக்காது, மாட்டை மட்டும் தடுக்கும். ஹாஹா என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கருதப்படும் அத்தகைய பள்ளத்தை, உருவத் தோட்டத்தை வைத்த போமானே லெவன்ஸில் வெட்டியிருக்கிறார்!

மோகம் எங்கும் பரவிய அந்தக் காலத்தில் லெவன்ஸ் எப்படித் தப்பியது? கர்னலுக்குப் பின் சொத்து மகள் வழியாகப் பெரிய பிரபு வம்சம் ஒன்றுக்குப் போயிற்று. பின்னும் பல தலைமுறை பெண் வாரிசுகள் வழியாகவே இறங்கிற்று. வேறிடத்தில் பெரிய மாளிகைகள் உடைய குடும்பங்களுக்கு இந்த வடக்கு வீடு இரண்டாம் பட்சம். இடித்துக் கட்ட யாரும் சிரத்தை எடுக்கவில்லை. அதே சமயம் தோட்டக்காரரின் சம்பளத்தை யாரும் நிறுத்தவுமில்லை. ஆண் வாரிசு தங்காதபடி ஒரு நாடோடிப் பெண் சபித்தாள் என்றும், கெண்ட் ஆறு ஓட்டம் நின்று வெள்ளை மான்குட்டி பிறக்கும்வரை அந்தச் சாபம் நீங்காது என்றும், 1896-இல் ஆறு உறைந்தபோது ஆண் குழந்தை பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. சாபமோ சந்தர்ப்பமோ, தோட்டத்துக்கு நன்மையாகவே முடிந்தது.

இன்று அங்கே வசிப்பவர்கள் அந்த வழியில் வந்த பேகட் குடும்பத்தார். வீட்டின் பல அறைகளையும் தோட்டம் முழுவதையும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜனங்களுக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் ஏறியதால் பிரிட்டனில் பழைய குடும்பங்கள் பலவும் இவ்விதம் வாயிலைத் திறக்க நேர்ந்தது. தர்மத்துக்காகத் திறந்தவர்களும் உண்டு: தாதியர் நிதிக்காக 1927-இல் 609 தனியார் தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஜனங்களை அனுமதித்தன; அந்த ஏற்பாடு இன்னும் நடக்கிறது. லெவன்ஸின் தேநீர்க்கடை எல்லா இடத்திலும் உள்ளதைப் போன்றதே. அதை நான் விவரிக்கப் புகவில்லை. உருவங்களின் காலடியில் வருஷம் இரு முறை மாற்றி நடும் பூப்பாத்திகள் மட்டும் சற்றே அதிகப் பளபளப்பு என்பது என் அபிப்பிராயம். முந்நூறு வயதுக் கிழவருக்கு இவ்வளவு ஜரிகை வேண்டியதில்லை.

கவலையும் இல்லாமலில்லை. பாக்ஸ் செடியை அழிக்கும் பூஞ்சை நோய் ஒன்று சில பத்தாண்டுகளாக இங்கிலாந்து முழுவதும் பரவி, பழைய தோட்டங்களின் சிறு வரப்பு வேலிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. ஈரமான அந்த வடமேற்குச் சீமையில் அதைத் தடுப்பது கடினம். பல இடங்களில் பாக்ஸுக்குப் பதிலாக வேறு செடி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். யூ மரத்துக்கு அந்த நோய் வருவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க: தோட்டம் வசந்தத்திலிருந்து அக்டோபர்த் தொடக்கம்வரைதான் திறந்திருக்கும், நான் போன காலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. செப்டம்பரில் போனால், பாதி வெட்டிய மரத்தையும் வெட்டாத மரத்தையும் அருகருகே பார்க்கலாம்; பூவுக்காகப் போகிறவர்கள் முன்னதாகவே போகட்டும். நம் ஊர்ப் பூங்காக்களை நிர்வகிக்கும் மேலதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நீங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருங்கள். அதைத் தடுக்க எங்களால் ஆகாது. கத்தரி பிடிக்கும் மேஸ்திரியை மட்டும் அவர் வளர்த்த மரத்தடியிலேயே விட்டுவையுங்கள். அவர் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருஷம் முன்னதாக ஓர் இளைஞனை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள்.